கடல் கடந்த ஏடுகள் – 9: வால்டேர் கைக்கு வந்த வேதம்

சென்ற வாரம் தரங்கம்பாடியில் நிறுத்தியிருந்தோம். தமிழர்களிடம் கேட்டும், ஏடுகளைப் படித்தும் அங்கிருந்த மிஷனரி சீகன்பால்கு 1713-ல் எழுதி முடித்த தென்னிந்தியக் கடவுளர் பற்றிய நூல், ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போய் அங்கேயே முடங்கியது. விக்கிரக வழிபாட்டை ஒழிக்க ஆள் அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவரை அனுப்பிய ஹாலே மிஷனின் தலைவர் பிராங்கேயின் நிலை. அந்த நூல் அச்சைப் பார்க்க 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சென்னையில்.

விசாரித்து எழுதிய நூலுக்கு இந்தக் கதி.

அதே சோழமண்டலக் கரையிலிருந்து, சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, இன்னொரு கையெழுத்துப் பிரதி ஐரோப்பாவுக்குப் போனது. அதற்குக் கிடைத்தது ராஜ மரியாதை. பிரெஞ்சு மன்னரின் நூலகத்தில் இடம். ஐரோப்பாவின் ஆகப் பெரிய எழுத்தாளரின் பரிந்துரை. அவர் நூல்களில் அதற்கென்று தனிப் பக்கங்கள்.

அது போலி.

✦

போரிலிருந்து திரும்பியவர்

1760. கர்நாடகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கை தாழ்ந்துகொண்டிருந்த ஆண்டு. ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அதன்பின் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. புதுச்சேரி தனித்து நின்றது.

அந்த ஆண்டின் பிற்பகுதியில், இந்தியாவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி வால்டேரைப் பார்க்க வந்தார். பெயர் மொதாவ். வயது முப்பத்தைந்து. ஜெனீவாவை ஒட்டிய பகுதியில் குடியேறியிருந்த வால்டேருக்கு அப்போது அறுபத்தைந்து தாண்டியிருந்தது. ஐரோப்பாவின் எந்த மூலையிலிருந்து வருபவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்ட காலம். வருபவர்களிடம் தூர தேசத்துச் செய்தி கேட்பதில் கிழவருக்கு அலுப்பே வந்ததில்லை.

மொதாவ் செய்தியோடு மட்டும் வரவில்லை. பிரெஞ்சில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியும் அவரிடம் இருந்தது. அதன் பெயர் 'எசூர் வேதம்'. யஜுர் என்பதுதான் அங்கே எசூர் ஆகியிருந்தது. பிராமணர்கள் அந்நியர் கண்ணில் காட்டுவதில்லை என்று ஐரோப்பா இருநூறு ஆண்டாகப் பேசிவந்த வேதம், இதோ, சரளமான பிரெஞ்சில்.

வால்டேர் அதை விடுவாரா?

✦

ஏன் அவருக்கு அது தேவைப்பட்டது

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். பிரதி போலி என்பது கதையின் பாதிதான். ஐரோப்பாவிலேயே யாரையும் எளிதில் நம்பாதவர் என்று பெயரெடுத்த மனிதர் இதை எப்படி நம்பினார் என்பது மறுபாதி. எனக்கு அந்த மறுபாதிதான் சுவையாகப் படுகிறது.

1681-ல் பொசுவே என்ற பிரெஞ்சு ஆயர் உலக வரலாறு ஒன்று எழுதினார். பெயர்தான் உலக வரலாறு. ஆதாமில் தொடங்கி யூதர்கள் வழியாக ரோமுக்கும், அங்கிருந்து கிறிஸ்தவத்துக்கும் போகிற ஒரே நேர்கோடு அது. சீனாவும் இந்தியாவும் அதில் கணக்கிலேயே இல்லை. உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்பதும் அன்று சபைகள் கற்பித்த கணக்கு.

வால்டேர் இதற்குப் பதில் எழுதப் பல ஆண்டு உழைத்தார். தேசங்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1756-ல் வந்தது. அதைச் சீனாவில் தொடங்கினார், அடுத்து இந்தியா. எங்கே தொடங்குவது என்பதிலேயே அவர் வாதம் அடங்கியிருந்தது. மோசேக்கு முன்பே நாகரிகம் இருந்திருக்கிறது. ஒரே கடவுள் என்ற எண்ணம் எந்த ஒரு இனத்துக்கும் தனிச் சொத்தாக வழங்கப்படவில்லை. பகுத்தறிவுள்ள மனிதன் எங்கிருந்தாலும் அதைத் தானே கண்டடைவான். பிற்காலத்துப் பூசாரிகள்தான் அதன் மேல் மூடநம்பிக்கையை ஏற்றினார்கள்.

அவர் குறிவைத்த பூசாரிகள் காசியிலோ காஞ்சியிலோ இல்லை, பாரிசில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சீனாவுக்கு ஆதாரம் கையில் இருந்தது. கன்பூசியஸின் நூல்களை இயேசு சபையினர் ஏற்கெனவே லத்தீனில் தந்திருந்தார்கள். இந்தியாவுக்குத்தான் பயணிகளின் குறிப்புகளும், பாதிரியார்களின் கடிதங்களும், தரங்கம்பாடித் தகவல்களைக் கொண்டு லா குரோஸ் 1724-ல் எழுதிய நூலும் தவிர வேறில்லை. மூல நூல் ஒன்று வேண்டியிருந்தது. பழமையானதாக, ஒரே கடவுளைச் சொல்வதாக, சிலை வழிபாட்டை மறுப்பதாக.

மொதாவ் கொண்டுவந்தது அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது.

✦

சீடன் குருவைத் திட்டும் வேதம்

பிரதியைத் திறந்து பார்ப்போம்.

இருவர் பேசுகிறார்கள். ஒருவர் 'பியாச்', அதாவது வியாசர். மற்றவர் 'சுமோந்து', அதாவது சுமந்து முனிவர். வியாசர் பணிந்து நின்று தனக்கு உண்மையைப் போதிக்கும்படி கேட்கிறார். சுமந்துவோ, புராணங்களை எழுதி மக்களைக் கெடுத்தது நீதான் என்று அவரைக் கடிந்துகொள்கிறார். பிறகு ஒவ்வொரு கதையாக வருகிறது. வியாசர் சொல்கிறார், சுமந்து அதைக் கிழிக்கிறார். பிரம்மா, விஷ்ணு, சிவன் எவரும் கடவுள் இல்லை. கடவுள் ஒருவரே, அவருக்கு உருவமில்லை. அவர் படைத்த முதல் மனிதனின் பெயர் 'ஆதிமோ'.

ஆதிமோ என்ற பெயரை வால்டேர் பிடித்துக்கொண்டார். ஆதாமின் கதையே இந்தியாவிலிருந்து போனதோ என்று கேட்க அது வழி திறந்தது.

இதில் வேள்வி இல்லை, மந்திரம் இல்லை. யாகச் சடங்குகளையே உயிராகக் கொண்ட யஜுர் வேதத்தின் பெயரில் இப்படி ஒரு வாத நூல். அதைவிட வேடிக்கை பாத்திரங்களில் இருக்கிறது. வியாசர் வேதத்தை நான்காகப் பகுத்து நான்கு சீடர்களிடம் ஒப்படைத்தார் என்பது விஷ்ணு புராணம் சொல்லும் கதை. ரிக் பைலருக்கு, யஜுர் வைசம்பாயனருக்கு, சாமம் ஜைமினிக்கு, அதர்வணம் சுமந்துவுக்கு. அப்படியிருக்க, இந்த நூலில் அதர்வணத்துக்கு உரிய சீடன் யஜுர் வேதத்தைப் போதிக்கிறான். அதுவும் தன் குருவுக்கே. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கும் எந்தப் பௌராணிகரும் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்திருப்பார்.

ஆனால் ஜெனீவா பக்கத்தில் பௌராணிகருக்கு எங்கே போவது?

✦

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்

மூலம் சமஸ்கிருதம் என்றால், பிரெஞ்சில் ஆக்கியது யார்? வால்டேரின் எழுத்துகளில் இந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறார். 1761-ல் ஒரு நண்பருக்கு எழுதும்போது, பிரெஞ்சுக் கம்பெனியோடு தொடர்புடைய, பிரெஞ்சு நன்றாகக் கற்ற ஒரு பிராமணர். பிறகு அவர் 'ஷெரிங்கம்' தீவின் தலைமைக் குரு ஆகிறார். கம்பெனிக்குப் பெரிய உதவிகள் செய்தவர், வயது முதிர்ந்தவர், நேர்மைக்குப் பேர்போனவர் என்று பட்டங்கள் கூடுகின்றன.

ஷெரிங்கம் வேறு எதுவும் இல்லை, நம் ஸ்ரீரங்கம்தான். கர்நாடகப் போரைப் பின்தொடர்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அது பழகிய பெயர். 1752 ஜூன் மாதம் ழாக் லாவின் தலைமையில் இருந்த பிரெஞ்சுப் படை, லாரன்ஸ், கிளைவ் ஆகியோரின் முற்றுகையில் சிக்கி அங்கேதான் சரணடைந்தது.

ரங்கநாதர் சன்னிதியில் நிற்கும் ஒருவர், விஷ்ணு கடவுளே இல்லை என்று வாதாடும் நூலை மெனக்கெட்டு மொழிபெயர்த்துப் பரங்கியரிடம் கொடுத்தார் என்று நம்ப வேண்டுமானால், ஸ்ரீரங்கத்திலிருந்து ஐயாயிரம் மைல் தள்ளி இருக்க வேண்டும். வால்டேர் இருந்தார்.

பிரெஞ்சில் திறமாக எழுதத் தெரிந்த இந்தியர்களே அன்று இல்லையா என்றால், இருந்தார்கள். புதுச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மரிதாஸ் பிள்ளை, தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் ஆக்கி 1769-ல் பாரிசுக்கு அனுப்பினார். அது நாணயமான வேலை. 1788-ல் அச்சாகவும் செய்தது. ஆனால் அதைச் சுமந்து சென்று ஊருக்குச் சொல்ல வால்டேர் போல் ஒருவர் அமையவில்லை. பிள்ளைக்கு இந்தத் தொடரில் தனி வாரமே உண்டு.

✦

ஒரே நூலகத்தில் இரண்டு வேதங்கள்

1761-ன் தொடக்கம். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடிய சில நாளில், ஜனவரி நடுவில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் நகரமும் தரைமட்டமாக்கப்பட்டன.

அதே ஆண்டில் வால்டேர் தன் பிரதியைப் பாரிசில் இருந்த அரச நூலகத்துக்குக் காணிக்கையாக அனுப்பி வைத்தார். அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருமுன்பே எழுதப்பட்டது என்று அதற்கு வயதும் நிர்ணயித்தார். தன் பெரிய நூலின் புதிய பதிப்பில் அதற்காகப் பகுதி சேர்த்தார். கிழக்கிடமிருந்து மேற்கு பெற்ற ஆக மதிப்புமிக்க கொடை என்று பின்னர் ஓரிடத்தில் புகழவும் செய்தார்.

அந்த நூலகத்தில் உண்மையான வேதம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்கவே முடியாத இடம்.

1720-களின் இறுதியிலிருந்து மன்னரின் நூலகர் பிஞோன், இந்தியாவில் இருந்த இயேசு சபையினரிடம் சுவடிகள் கேட்டுக்கொண்டிருந்தார். தெலுங்குப் பகுதியில் ஊழியம் செய்த கால்மெட் பாதிரியார் பிராமணர்களிடமிருந்து வேதச் சுவடிகளைத் தேடிப் பெற்றார். 1730-களில் அவை பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்து என்ன பயன்? படிக்கத் தெரிந்தவர் பாரிசில் ஒருவரும் இல்லை. எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது. பட்டியலில் ஏறி, அலமாரிக்குப் போயிற்று.

முப்பது ஆண்டு கழித்து அதே கட்டடத்துக்குள் 'எசூர் வேதம்' நுழைந்தது. இதைப் படிக்க எவருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

✦

சாயம் வெளுக்கிறது

அடுத்த பதினைந்து ஆண்டும் வால்டேர் இந்தப் பிரதியை விடவில்லை. 1765-ல் வேறு பெயரில் வெளியிட்ட வரலாற்றுத் தத்துவ நூலிலும் அது வருகிறது. அதே காலகட்டத்தில் கல்கத்தாவில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஹோல்வெல் இன்னொரு 'பழம்பெரும் சாஸ்திரத்தை' ஆங்கிலத்தில் வெளியிட, அதையும் வால்டேர் அணைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் எசூர் வேதத்தின் வேறொரு பிரதி ஆங்க்தில் துப்பெரோன் கைக்கு வந்திருந்தது. இவர் சாதாரண ஆள் இல்லை. சூரத்தில் பார்சி குருமார்களிடம் பயின்று, அவெஸ்தாவை 1771-ல் பிரெஞ்சில் தந்தவர். அவரும் எசூர் வேதத்தை நம்பினார். ஆகவே கிழவரை மட்டும் பார்த்துச் சிரிக்க முடியாது.

1778 மே 30 அன்று வால்டேர் பாரிசில் காலமானார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் எசூர் வேதம் இரண்டு தொகுதிகளாக அச்சாகி வந்தது. பதிப்பித்தவர் சேந்த்-குருவா என்ற பிரபு. மறு ஆண்டே ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வந்தது. இனி எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். எவர் வேண்டுமானாலும் சந்தேகப்படலாம்.

நான்கே ஆண்டில் சந்தேகம் வந்தது. 1782-ல் தன் பயண நூலை வெளியிட்ட சொனரா, புதுச்சேரியில் இருந்து விஷயங்களை நேரில் பார்த்தவர். இது நான்கு வேதங்களில் ஒன்றில்லை, மசூலிப்பட்டினத்தில் ஒரு மிஷனரி எழுதிய வாத நூல் என்று அவர் ஒளிக்காமல் எழுதினார்.

மிஷனரி! அப்படியானால் நடந்தது இதுதான். பிராமணர்களோடு வாதிட்டு, அவர்களை விக்கிரகத்திலிருந்து ஒரே கடவுளுக்கும், அங்கிருந்து கிறிஸ்துவுக்கும் அழைத்து வருவதற்காக ஒரு பாதிரியார் எழுதிய நூல் இது. அது இடையிலேயே கப்பலேறி, கிறிஸ்தவத் திருச்சபையின் மிகப் பெரிய எதிரியின் மேசைக்குப் போய், அந்தச் சபைக்கு எதிராகவே ஆயுதமாயிற்று. இயேசு சபைப் பள்ளியில் படித்து, வாழ்நாள் முழுக்க அந்தச் சபையை எள்ளியவர் வால்டேர். அவரை ஏமாற்ற எவரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. பாதி வழியைத்தான் நூல் நடந்திருந்தது. விக்கிரகத்தை மறுத்து ஒரே கடவுளோடு நின்றுவிட்டது. கிறிஸ்துவரை அது போயிருந்தால் வால்டேர் உடனே மோப்பம் பிடித்திருப்பார்.

✦

புதுச்சேரி அலமாரி

ஆனால் எந்த மிஷனரி? அதைத் தேடிப் போனவர் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதப் புகுந்தவர். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை இல்லை, தமக்குள் உறவுள்ள தனிக் குடும்பம் என்று 1816-ல் எடுத்துக்காட்டியவர். அதே காலத்தில் அவர் புதுச்சேரியில், மிஷனரிகளின் பழைய நூல்களுக்கிடையே கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றைக் கண்டார். பிரித்துப் பார்த்தால் எசூர் வேதம்! அதுவும் தனியாக இல்லை. அதே பாணியில் ரிக், சாமம், அதர்வணம் என்ற பெயர்களில் வேறு நூல்களும் கூடவே இருந்தன. போலி வேதங்களின் ஒரு தொகுதியே அங்கே கிடந்தது.

சிலவற்றில் ஒரு பக்கம் பிரெஞ்சும் எதிர்ப்பக்கம் ரோமன் எழுத்தில் சமஸ்கிருதமும் இருந்தன. எல்லிஸ் அந்த ரோமன் எழுத்தை உற்றுப் பார்த்தார். தமிழர் வாயிலோ தெலுங்கர் வாயிலோ வரும் சமஸ்கிருதமாக அது இல்லை. 'அ' வரவேண்டிய இடத்தில் 'ஒ'. 'வ' வரவேண்டிய இடத்தில் 'ப'. வேதம் அங்கே 'பேதொ'. வியாசர் ஏன் 'பியாச்' ஆனார் என்பதற்கும் இங்கேதான் விடை. வங்காளத்தார் உச்சரிப்பு இது.

தன் ஆய்வை அச்சில் பார்க்க எல்லிஸுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1819-ல் ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உண்டு இறந்தார். கட்டுரை 1822-ல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் தொகுதியில் வெளிவந்தது. அதன்பின் எசூர் வேதத்தை மெய்யென்று தூக்கிப் பிடிக்க அநேகமாக ஆளில்லை.

எழுதியவர் பெயரைப் புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள் எல்லிஸிடம் சொல்லியிருந்தார்கள். ராபர்ட் தெ நொபிலி. மதுரையில் காவி உடுத்து, பூணூல் தரித்து, தத்துவ போதகராக வாழ்ந்த அதே நொபிலி. தான் கொண்டுவந்தது தொலைந்துபோன வேதமே என்று பேசியவர் என்பதால் பெயர் பொருந்துகிறது. மற்ற எதுவும் பொருந்தவில்லை. அவர் இத்தாலியர், 1656-லேயே இறந்துவிட்டார், வங்காளத்தில் வாழ்ந்தவரும் இல்லை.

அடுத்து சந்தேகம் கால்மெட் மேல் விழுகிறது. பாரிசுக்கு உண்மையான வேதத்தை அனுப்பிய அதே பாதிரியார். வேதம் கைக்கு வந்தபின், விக்கிரகத்தை மறுக்கும் வரிகளை அதிலிருந்தே பொறுக்கி பிராமணர்கள் மேல் ஏவுவதாக அவரே ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சொனரா சொன்ன மசூலிப்பட்டினமும் தெலுங்குக் கரைதான். ஆனால் தெலுங்கு நாட்டில் உழைத்து 1740-ல் மறைந்த ஒருவரின் பேனாவில் வங்காள உச்சரிப்பு எப்படி ஏறியது? உண்மையான யஜுர் வேதத்தைக் கையில் வைத்திருந்தவர், சுமந்துவையும் வைசம்பாயனரையும் குழப்பிக்கொள்வாரா?

அப்படியானால் சந்திரநாகூரில் இருந்து சமஸ்கிருதம் கற்ற மொசாக் பாதிரியாரா? உச்சரிப்பு அவரைக் காட்டுகிறது. அவர்தான் என்றால், பிரதிகள் வங்காளத்திலிருந்து புதுச்சேரி அலமாரிக்கு வந்தது எப்படி? எழுதியவர் யாராக இருந்தாலும், அவருக்கு எதிரே உட்கார்ந்து புராணக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்ன பண்டிதர் யார்? தான் சொல்வதெல்லாம் எதற்காக எழுதிக்கொள்ளப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா?

(தொடரும்)